முந்தானையைச் சரிசெய்யும் நேரம்

இந்து நகர், ஊட்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

சென்னை பிளாட்பாரங்களில் நீ எடுத்து அனுப்பிய 34 படங்களும் நேற்று ராத்திரி வந்து சேர்ந்தன. இங்கே இரண்டு நாளாக விடாத மழை. சிக்னல் விட்டு விட்டு வந்ததால் படங்கள் ஒவ்வொன்றாகத்தான் இறங்கின. ஒன்று வந்து அடுத்தது வர ஐந்து பத்து நிமிடம் ஆனது. அதனால் எதையும் விரலால் தள்ளிவிடாமல் நின்று பார்த்தேன். "மாமா, போட்டிக்கு எதை அனுப்பலாம்? நம்பர் மட்டும் சொன்னா போதும்" என்று கேட்டிருக்கிறாய். நம்பரை மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கப் போக முடியவில்லை. விடிந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன்.

முதலில் உன் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். கை தேறியிருக்கிறது. தெருவிளக்கின் மஞ்சளையும் கடை போர்டின் நீலத்தையும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் ஒரே படத்தில் அடக்கியிருக்கிறாய். 7-ஆம் படத்தில், இழுத்துவிட்ட ஷட்டருக்கு முன்னால் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னுகிறாளே ஒரு தாய், அவள் பல்லில் கடித்திருக்கும் ரிப்பனின் சுருக்கம்கூடத் தெரிகிறது. பின்னால் எவர்சில்வர் பாத்திரங்கள் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கியிருக்கின்றன, நம் தோட்டத்து லைன் வீட்டு அலமாரி மாதிரியே. அவள் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு அவளாகக் கொடுத்தது என்று படத்தைப் பார்க்கும் யாருக்கும் புரியும்.

அடுத்து 11-ஆம் படம். பிராட்வே பக்கம் ஒரு பாட்டி தூங்குகிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. சேலை முழங்காலுக்கு மேல் ஏறியிருக்கிறது. செருப்பைத் துணியில் சுற்றித் தலைக்கு வைத்திருக்கிறாள். எங்கிருந்தோ வந்த வெளிச்சம் அவள் கன்னத்து எலும்பில் மட்டும் விழுந்து மற்றதெல்லாம் கறுத்துப் போயிருக்கிறது. இந்த 34-இல் பரிசு வாங்கக்கூடிய படம் அதுதான். அதை அனுப்பாதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

காரணம் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் வேலை பார்த்த ஆலையை நீ செடி முளைத்த கட்டடமாகத்தான் பார்த்திருப்பாய். ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-இல் தொடங்கப்பட்டு, 1967-இல் உற்பத்திக்கு வந்தது. பிலிமுக்குத் தூசியும் ஆகாது, வெக்கையும் ஆகாது. அதனால் இந்த மலைக்கு வந்தார்கள். நாங்கள் செய்த பிலிமுக்கு 'இந்து' என்று பெயர், நிலா என்று அர்த்தம். ஊர் ஊராகக் கல்யாண வீட்டுக் கறுப்பு வெள்ளைப் படங்களும் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்களும் இந்த மலையில் பூசிய வெள்ளியில்தான் பதிந்தன. நான் 1983-இல் சேர்ந்தேன். எனக்குக் கோட்டிங் பிரிவு. வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டினை பிலிமின் மேல் பூசும் இடம். வெளிச்சம் பட்டால் அத்தனையும் பாழ், அதனால் உள்ளே இருட்டு என்றால் அப்படியொரு இருட்டு. எதிரே ஆள் வந்தால் மூக்கு முட்டும்வரை தெரியாது. நடக்கும்போதே குரல் கொடுத்துக்கொண்டு நடப்போம். "வர்றேன், வர்றேன்" என்போம். எதிர்ப்பக்கம் இருப்பவர் "இருக்கேன்" என்பார். புதிதாகச் சேர்ந்த பையன்கள் கூச்சப்பட்டு வாய் திறக்காமல் நடந்து யார் நெஞ்சிலாவது போய் முட்டிக்கொள்வார்கள். ஒரு வாரத்தில் அவர்களுக்கும் குரல் வந்துவிடும்.

1989-இல் கம்பெனி வேலையாகச் சென்னைக்குப் போனேன். கையில் இரவல் கேமரா, அதில் நாங்களே செய்த பிலிம். சென்ட்ரலுக்கு எதிரே ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு குடும்பம் பிளாட்பாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் தன் சேலை நுனியைக் குழந்தையின் கணுக்காலில் முடிச்சுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அந்த முடிச்சு எனக்கு அழகாகத் தெரிந்தது. சத்தம் காட்டாமல் குனிந்து மூன்று பிரேம் எடுத்தேன். கோவையில் நடந்த ஒரு கண்காட்சியில் அதற்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. பெரிதாக்கி, சட்டம் போட்டு, வீட்டு நடுச்சுவரில் மாட்டினேன்.

உன் அம்மாச்சி கோத்தகிரியிலிருந்து வந்தபோது அந்தப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். "அந்தப் பொண்ணு ஏன் முடிச்சுப் போட்டிருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டாள். நான் ஏதோ பாசம், பந்தம் என்று பேசினேன். "பிள்ளையை யாரும் தூக்கிட்டுப் போயிரக் கூடாதுன்னு. மண்டபத்துல உன்னை நான் அப்பிடித்தான் கட்டிக்கிட்டுப் படுத்தேன்" என்றாள்.

அப்போதுதான் முதல்முறையாக அந்தக் கதையைச் சொன்னாள். நீ கேட்டிருக்க மாட்டாய், உன் அம்மாவுக்கும் முழுதாகத் தெரியாது. 1964-இல் இலங்கையின் சிறிமாவோவும் இந்தியாவின் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, அங்கே தோட்டங்களில் இருந்த நம் ஜனங்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று எழுதியதில் நம் குடும்பமும் ஒரு கணக்கு. கண்டியில் இந்திய உதவித் தூதரகத்துக்கு நடையாய் நடந்தார்கள். பாஸ்போர்ட்டுக்காக ஸ்டுடியோவில் படம் எடுத்தார்கள். அந்தப் படம்தான் உன் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எனக்குப் படிய எண்ணெய் வைத்து வகிடெடுத்திருக்கிறது, அம்மா அக்கம் பக்கத்தில் இரவல் வாங்கிய சங்கிலி போட்டிருக்கிறாள். 1971-இல் தலைமன்னாரிலிருந்து கப்பல். எனக்கு ஒன்பது வயது, உன் அம்மா அப்போது பிறக்கவில்லை. கடல் முழுக்க அம்மாவுக்கு வாந்தி. ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோய், பெயர் கூப்பிடும்வரை வெளியே திண்ணையோரம் படுக்கச் சொன்னார்கள். அசந்து தூங்கிவிட்டாள். கண்ணை விழித்தபோது ஒருவர் கேமராவோடு எட்ட நடந்து போய்க்கொண்டிருந்தார்.

அந்தப் படம் ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. கோத்தகிரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு டீக்கடையில் யாரோ காட்டினார்களாம். சேலை விலகி, முடி கலைந்து, வாயைத் திறந்தபடி அவள். பக்கத்தில் கட்டிப்போட்ட மாதிரி நான். கீழே கதியற்றவர்கள் என்று ஒரு வார்த்தை. அவளுக்குப் படிக்கத் தெரியாது, படித்துச் சொன்னார்கள். பதினெட்டு வருஷம் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தவள் என் பரிசுப் படத்துக்கு முன்னால் நின்று சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "ஒரு வார்த்தை எழுப்பிச் சொல்லியிருந்தா, முந்தானையைச் சரி பண்ணியிருப்பேன்ல."

அவள் 'எடுத்திருக்கக் கூடாது' என்று சொல்லவில்லை, பாப்பா. வறுமையைக் காட்டிவிட்டார்கள் என்றும் வருத்தப்படவில்லை. வறுமை இருந்தது, அது அவளுக்கே தெரியும். முந்தானையைச் சரிசெய்யும் நேரத்தைத்தான் கேட்டாள். இரண்டு நொடி.

அன்றைக்கே படத்தைக் கழற்றினேன். அடுத்த முறை சென்னைக்குப் போனபோது அந்தக் குடும்பத்தைத் தேடி அதே இடத்துக்குப் போனேன். வேறு யாரோ இருந்தார்கள். யாரைத் தேடுகிறேன் என்று சொல்லக்கூட எனக்கு ஒரு பெயர் இல்லை. மூன்று பிரேம் எடுத்தவன் ஒரு பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

வீடு என்பதைக் கூரை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். எனக்கு அன்றிலிருந்து கதவு என்று தோன்றுகிறது. கதவு இருப்பவர் தூங்கும்போது சாத்திக்கொள்ளலாம், அழும்போது சாத்திக்கொள்ளலாம். தட்டினால் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு வந்து திறக்கலாம். பிளாட்பாரத்தில் படுப்பவருக்கு அது கிடையாது. அதனால் நீதான் அங்கே ஒரு கதவு இருப்பதாக நினைத்துத் தட்ட வேண்டும். "வர்றேன்" என்று குரல் கொடு. அவர்கள் "இருக்கேன்" என்று சொன்ன பிறகு போ.

கேட்காமல் படம் எடுப்பது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. சென்னையில் தெருவில் கிடந்தவர்களைக் கேமரா 1876-78 பஞ்சத்திலேயே பார்த்துவிட்டது. கிராமங்களிலிருந்து ஜனங்கள் கடலோரப் பட்டணத்தைத் தேடி நடந்து வந்து விழுந்தார்கள். வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற சென்னைக் குதிரைப்படை அதிகாரி அவர்களைக் கூட்டி உட்காரவைத்துப் படம் எடுத்தார். எலும்பு தெரிய உட்கார்ந்திருக்கும் ஆண்கள், பெண்கள், குழந்தைகள். திருமண வீட்டுக் குரூப் போட்டோ போல வரிசை கட்டியிருப்பார்கள். ஒரு படத்தின் தலைப்பு, இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள் என்று பொருள்படும். ஒருவருக்கும் பெயர் இல்லை. அதே ஹூப்பர் 1886-இல் மண்டலேயில், சுட்டுக் கொல்லப்படவிருந்த பர்மியக் கைதிகளைத் துப்பாக்கி வெடிக்கும் கணத்தில் படம் எடுக்க முயன்று, லண்டன் பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்து, விசாரணைக்கு ஆளானார். பஞ்சப் படங்களுக்கு அப்படி ஒரு விசாரணை நடந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பஞ்ச நேரத்தில் பசித்தவர்களைக் கொண்டு கூலி வேலையாக வெட்டிய வாய்க்கால்தான் சென்னை ஊருக்குள் ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு துண்டு. அதன் கரையில் இன்னும் குடிசைகள் இருக்கின்றன, இன்னும் இடிக்கிறார்கள்.

உனக்கு இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் முப்பாட்டன் திருச்சிப் பக்கத்திலிருந்து இலங்கைக் காப்பித் தோட்டத்துக்குக் கப்பலேறியது அதே தாது வருஷப் பஞ்சத்தில் என்று அம்மாச்சி சொல்வாள். ஹூப்பரின் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் நம் ஆட்களாகவே இருந்திருக்கலாம்.

நம் மலையிலும் கேமரா இப்படித்தான் ஏறி வந்தது. நீலகிரியின் முதல் கமிஷனர் ப்ரீக்ஸ் எழுதி, அவர் இறந்த பிறகு 1873-இல் வெளிவந்த புத்தகத்தில் தோடர்களும் கோத்தர்களும் குறும்பர்களும் அருங்காட்சியகப் பொருள் மாதிரி நிற்கிறார்கள். பொட்டானிக்கல் கார்டனுக்கு மேலே இருக்கும் தோடர் மந்தில் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் வேலியோரம் போன்கள் நீளும். அவ்வளவு தூரம் போவானேன். நீ எட்டாவது படிக்கும்போது, உன் அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மேட்டில் கார் நிறுத்தி இறங்கி வந்தார்களே, "அக்கா, கொஞ்சம் கூடையைத் தூக்கிப் பிடிங்க" என்று சொன்னார்களே, நினைவிருக்கிறதா? நீ ஓடிப்போய் லென்ஸின் மேல் கையை வைத்து மறைத்தாய். பறிக்கிறவளுக்குக் கிலோ கணக்கு. கூடையைத் தூக்கிப் பிடித்து நிற்கும் பத்து நிமிடத்தில் அரைக் கிலோ இலை போகும். அது அவர்களுக்குத் தெரியாது, உனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பிள்ளைதான் இப்போது கேமராவைத் தூக்கிக்கொண்டு பிராட்வேயில் நடக்கிறது. அந்தக் கோபத்தை மட்டும் மறந்துவிடாதே.

போன வருஷம் கண் ஆபரேஷனுக்கு எழும்பூர் வந்திருந்தேன் அல்லவா, மாலையில் என்.எஸ்.சி. போஸ் ரோடு வரைக்கும் நடப்பேன். பூ கட்டி விற்கும் ஒரு அம்மாவிடம் தினமும் ஒரு முழம் வாங்கிப் பழக்கம். அவர் மாமியார் காலத்திலிருந்து அந்த பிளாட்பாரத்தில்தான் குடும்பம். அவரே அங்கேதான் வாழ்க்கைப்பட்டு வந்தார். கடை ஷட்டர் இறங்கினால்தான் அவர்கள் வீடு திறக்கும். ராத்திரி ஒன்பதரைக்குப் பாய் விரிப்பார்கள், காலையில் கடைக்காரர் வருவதற்குள் எல்லாம் மூட்டையாகி வெயில் தட்டியின் மேல் ஏறிவிடும். ஒரு கடையின் சாவி இந்த அம்மாவிடம்தான் இருந்தது. கழிப்பறைக்குப் போகக் காசு, குளிக்கத் தனிக் காசு. வாடகை கொடுக்கவில்லை என்கிறோம், நாள் கணக்கில் அவர்கள் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆதார் இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. அந்தத் தலை பின்னும் தாயை விட்டால், உன் 34 படங்களில் ஒன்றில்கூட யாரும் வேலை செய்யவில்லை, கவனித்தாயா? தூங்குகிறார்கள், கை நீட்டுகிறார்கள், வெறித்துப் பார்க்கிறார்கள். பகலில் மூட்டை தூக்குவது, பூக் கட்டுவது, பாத்திரம் தேய்க்கப் போவது, குப்பை பிரிப்பது இவற்றில் எதற்கும் நீ போகவில்லை. ராத்திரி மட்டும் போனால் இருட்டுத்தான் கிடைக்கும்.

அவர்களை ஏன் யாரும் அப்புறப்படுத்தவில்லை என்று உன் தோழி ஒருத்தி கேட்டதாகச் சொன்னாயே. செய்தார்கள். 2000-த்திலிருந்து கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். வேலை பாரிமுனையில், வீடு இருபது கிலோமீட்டருக்கு அப்பால். விடியற்காலை பூ வாங்க எந்த பஸ்ஸில் வருவது? போனவர்களில் பலர் திரும்பி வந்தது திமிரால் இல்லை, பிழைப்பால். பம்பாய் பிளாட்பாரவாசிகள் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது. பிழைக்கும் வழியைப் பறித்தால் உயிரைப் பறித்த மாதிரி, வாழும் உரிமையில் பிழைக்கும் உரிமையும் அடக்கம் என்றது. 2010-இல் அதே நீதிமன்றம் பெருநகரங்களில் ஒவ்வொரு லட்சம் பேருக்கும் ஒரு காப்பகம், வருஷம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மாநகராட்சிக் காப்பகங்கள் சென்னையில் இருக்கின்றன. போய்ப் பார். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று பெரும்பாலும் பிரித்திருப்பார்கள். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளை, ஒரு மாமியார் என்று இருக்கும் குடும்பம் பிரிந்து போய்ப் படுக்குமா என்று நீயே யோசித்துப் பார். இதெல்லாம் தெரிந்தால் உன் படம் வேறு மாதிரி வரும். எங்கே நிற்பது, எதை உள்ளே சேர்ப்பது என்பது மாறிவிடும்.

நமக்கும் பிளாட்பாரத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதையும் நினைத்துக்கொள். நம்மைப் போல வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களே போடப்பட்டன. வேலை இருக்கும்வரை லைன் வீடு, ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுக்க வேண்டும். 2022-இல் தோட்டத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தருவது என்று அரசு முடிவெடுத்தபோது, ஓய்வு பெற்றவர்கள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை பேர் அழுதார்கள் என்று உன் அம்மாவைக் கேள். அவளுக்கு இன்னும் நான்கு வருஷம்தான் பாக்கி. ஐம்பது வருஷம் மலையைப் பச்சையாக்கிய குடும்பத்துக்கு ஒரு சென்ட் மண் சொந்தமில்லை. நீ படம் எடுப்பது உனக்கு அந்நியமான ஜனங்களை இல்லை.

இனி வேலைக்கு வருகிறேன்.

முதல் வாரம் கேமராவை ஹாஸ்டலில் வைத்துவிட்டுப் போ. டீ குடி, பூ வாங்கு. யார் எந்த ஷட்டருக்கு முன்னால், எத்தனை மணிக்குப் பாய் விரிக்கிறார்கள் என்று தெரிந்துகொள். பெயரைக் கேள், உன் பெயரைச் சொல், எந்த ஊர் என்று சொல். ஊட்டி என்றால் குளிர் பற்றி நாலு கேள்வி கேட்பார்கள், பேச்சு தன்னால் வரும்.

ராத்திரியில் பிளாஷ் அடிக்காதே. பிளாட்பாரத்தில் தூங்குகிற பெண்ணுக்குத் திடீர் வெளிச்சம் என்றால் போலீஸ், இல்லாவிட்டால் பிள்ளை பிடிக்கிறவன். ஒருவர் தூங்க ஒருவர் விழித்திருக்கிறார்கள். தூங்குகிறவர் சம்மதம் சொல்ல முடியாது. ஆகவே தூங்குகிறவர் படம் வேண்டாம். உனக்கு அந்த வெளிச்சம்தான் வேண்டும் என்றால் விழித்திருக்கும்போது அதே இடத்தில் உட்காரச் சொல்லிக் கேள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் ஒரு டீ குடித்துவிட்டு வா.

தனக்குள் பேசிக்கொண்டு நடக்கிற ஒரு பெண்ணை 22-ஆம் படத்தில் எடுத்திருக்கிறாய். அதை அழித்துவிடு. சம்மதம் சொல்லும் நிலையில் அவள் இல்லை. அப்படித் தெருவில் திரியும் பெண்களுக்காகவே 1993-இல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 'தி பானியன்' தொடங்கினார்கள். அப்போது அவர்களுக்கு உன்னைவிடச் சில வயதுதான் அதிகம். அவளை மறுபடி பார்த்தால் கேமராவை எடுக்காதே, அவர்களுக்குப் போன் செய்.

குழந்தைகள் விஷயத்தில் சட்டமே இருக்கிறது. வீடில்லாத, பிழைக்க வழியில்லாத குழந்தையை 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்கிறது. அப்படி ஒரு குழந்தை விசாரணையில் இருந்தால், அதை அடையாளம் காட்டும் பெயரோ பள்ளியோ படமோ வெளியிடுவது குற்றம், ஆறு மாதம் வரை சிறை உண்டு. தனியாகத் திரியும் குழந்தையைக் கண்டால் 1098-க்குச் சொல். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 7-ஆம் படத்துப் பெண் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் உட்காரும்போது, பக்கத்துப் பெஞ்சுக்காரி போனில் உன் படத்தைக் காட்டக் கூடாது. அதனால் எனக்குப் பிடித்த 7-ஆம் படத்தையும் அந்தத் தாயிடம் கொண்டுபோய்க் காட்டு. போட்டி என்றால் என்ன, எங்கே மாட்டுவார்கள், யார் யார் பார்ப்பார்கள் என்று சொல். அவள் சிரித்தது உன்னைப் பார்த்து. ஊரே பார்க்கலாமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். அந்தப் பெண் பிள்ளையையும் கேள், பத்து வயதுக்கு அபிப்பிராயம் உண்டு.

எந்தத் தெரு, எந்த முனை என்று இன்ஸ்டாகிராமில் போடாதே. போனில் எடுத்த படத்துக்குள்ளேயே இடம் பதிந்திருக்கலாம், அதை நீக்கிவிட்டுப் போடு. அடுத்த நாள் அந்த இடத்தைக் காலி செய்ய யாருக்கும் உன் படம் வழிகாட்டக் கூடாது.

காசு கொடுத்துப் படம் வாங்காதே, வெறுங்கையோடும் போகாதே. அவர்களுக்கு உன்னிடம் வேண்டியது ஒன்று இருக்கிறது: பாஸ்போர்ட் சைஸ் படம். காப்பீட்டு அட்டைக்கு, முதியோர் பென்ஷனுக்கு, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு என்று எல்லா விண்ணப்பத்திலும் அந்தச் சின்னக் கட்டத்தில் ஒரு முகம் ஒட்ட வேண்டும். ஸ்டுடியோவுக்குப் போனால் ஒரு நாள் காய்கறிக் காசு போய்விடும். ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு போய் ஷட்டரில் கட்டு. தலை சீவிக்கொண்டு வரிசையில் வருவார்கள். அந்த வரிசையில் நீ கற்றுக்கொள்வதை எந்த வகுப்பிலும் கற்க முடியாது. மற்றப் படங்களையும் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்து கொடு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வீடு இருந்தவர்கள் வீட்டுப் படங்களே ஊறிப்போயின. மூட்டையில் வைத்திருந்தவர்களிடம் என்ன மிஞ்சியிருக்கும்? பல பேரிடம் தங்கள் சின்ன வயசுப் படம் ஒன்றுகூட இருக்காது.

இப்படியெல்லாம் பார்த்தால் உண்மையை எப்படிக் காட்டுவது என்று கேட்பாய். பழனிகுமாரின் படங்களைப் பார். 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர், மலக்குழியில் செத்தவர்களின் வீடுகளுக்கு வருஷக்கணக்கில் போய் உட்கார்ந்தவர். அவர் காட்டாத கொடுமை இல்லை. ஆனால் அந்தப் பெண்கள் லென்ஸை நேருக்கு நேர் பார்க்கிறார்கள், புருஷனின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. பிறகு வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களைக் கண்காட்சியாகவும் வைத்தார். உன் கேமராவை ஒரு நாளாவது அந்தத் தலை பின்னிய தாயின் கையில் கொடுத்துப் பார். அவள் எதை எடுக்கிறாள் என்று பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

போட்டிக்குக் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை என்று எழுதியிருக்கிறாய். இந்தப் போட்டி போகட்டும், அடுத்த வருஷமும் வரும். இந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் பிராட்வேக்குப் போய் அந்தப் பாட்டியைத் தேடு. இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, தூங்கும்போது எடுத்துவிட்டேன் என்று சொல்லி, படத்தைக் காட்டு. அழிக்கச் சொன்னால் அவள் கண்ணெதிரே அழி. அவள் வேறு மாதிரி எடுக்கச் சொன்னால், முந்தானையைச் சரிசெய்துகொள்ளும்வரை காத்திருந்து எடு. பெயரைக் கேட்டு எனக்கு எழுது.

பிரிண்ட் செலவுக்கு ஆயிரம் ரூபாய் உன் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன், நாளைக்கு அனுப்புவாள்.

அன்புடன்,
உன் மாமா